அட்டைப்படம் அருமை

அன்று வந்திருந்தவர்கள் நான்கே பேர். குடையும் பயணப்பெட்டியும் விற்கும் மீரா உசேன், மன்னார்குடியில் தன் கடை மாடியின் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். வாசகர் வட்டத்தின் தலைவர் என்பதால் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. பம்புசெட் மெக்கானிக் நெடுஞ்செழியன் விலைபோகாத பெட்டி ஒன்றின் மேல். தையல்கடை நடத்திக்கொண்டே சேவல் இறகில் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டும் ஹபீபுன்னிசா, மின்விசிறிக்கு நேர்கீழே பாயில். பள்ளி அலுவலக எழுத்தரும் வட்டத்தின் செயலாளருமான வேதநாயகம் மேசை முன்னால், மடியில் புது இதழோடு. முன்பு படிக்கட்டு வரைக்கும் ஆள் உட்கார்ந்த வட்டம் அது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

வட்டம் படிக்கும் ‘நீர்த்தூண்டில்’ மாத இதழை ஒரு காலத்தில் தண்ணீரில் நின்று மீன் பிடித்தவர்கள் எழுதினார்கள். இறகுப்பூச்சியை எந்த நூலால் கட்டுவது, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த புதிதில் எந்த மீன் எந்த மதகடியில் நிற்கும் என்றெல்லாம் அதில் வரும். இதழ் கைமாறிய பிறகு எல்லாம் போயிற்று.

“பாய், அட்டையில இருக்கற மீனு நம்ம ஊருக்கு வரணும்னா பாஸ்போர்ட் எடுக்கணும்,” என்றான் நெடுஞ்செழியன்.

“உள்ள பாருடா. பாமணி ஆத்துல பனிக்காலத்துல எப்படித் தூண்டில் போடுறதுன்னு எழுதியிருக்கான். ஐஸை உடைச்சு ஓட்டை போடணுமாம்,” என்றார் மீரா உசேன்.

“பூச்சி கட்டுற படத்தத் தலைகீழாப் போட்டிருக்காங்க, நானா. அதப் பாத்துக் கட்டுன பொண்ணு ஒண்ணு விரல்ல முள்ள ஏத்திக்கிட்டு எங்கிட்ட வந்து நின்னுச்சு,” என்றார் ஹபீபுன்னிசா.

மூவரும் சிரித்தார்கள். வேதநாயகம் சிரிக்கவில்லை. சிரிக்கிற கட்டத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

இதழில் ‘குஞ்சைக் கண்டால் தாயைப் பிடி’ என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சு பொரித்தால், செக்கச்செவேலென்று அந்தக் கூட்டம் தண்ணீர் மேலே கொப்பளித்துக்கொண்டு திரியும். தாய் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் முள் பொருத்திய ரப்பர் தவளையை வீசினால், குஞ்சைக் காக்க வந்து தாய் பாயும். பசியில் அல்ல, பதற்றத்தில் முள்ளைக் கவ்வும். தாய் போனால் பொழுது சாய்வதற்குள் கெளுத்தியும் கொக்கும் கூட்டத்தைத் துடைத்துவிடும். பழைய இதழ் இதைச் செய்யாதே என்று வருடா வருடம் கெஞ்சியது. இப்போதோ, எந்தத் தவளை வாங்கலாம் என்று பக்கத்திலேயே விளம்பரம்.

வேதநாயகம் வீட்டுக்குப் பின்னால் செட்டிக்குளம். ஆனி பிறந்ததிலிருந்து அதன் கரையில் ரப்பர் தவளைகள்தான். முந்தின நாள் காலை ஒருவன் தாய் விராலைச் செவுளில் விரல்விட்டுத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே, குஞ்சுகள் தாயைத் தேடி வட்டமடித்துக்கொண்டிருந்தன.

“விட்டுருப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்,” என்று அவர் கைகூப்பினார்.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு நல்ல மரியாதையோடுதான் சொன்னான்: “நீங்க வேதநாயகம் சார்தானே? நீங்களே பாராட்டி எழுதியிருந்தீங்களே சார். அதப் படிச்சிட்டுத்தான் நான் தவளையே வாங்குனேன்.”

மாடியில் இதைச் சொல்லிவிட்டு, வேதநாயகம் மடியிலிருந்த இதழை மேசைமேல் போட்டார்.

“நான் திட்டித்தான் எழுதினேன், பாய். மூணு தடவை எழுதினேன். போன் போட்டா அந்த நம்பரே இல்லைங்குது. மெயில் அனுப்பினா, ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ன்னு அடுத்த நொடியே பதில் வருது. இப்ப என்னடான்னா, அடுத்த இதழ் தாய் விரால் சிறப்பிதழாம். குஞ்சுக் கூட்டத்தோட தாயைப் பிடிச்ச படம் அனுப்பினா பரிசாம். புதன்கிழமை அச்சுக்குப் போவுது. குளத்துல ஒரே ஒரு கூட்டந்தான் மிச்சம் இருக்கு.”

ஹபீபுன்னிசா கை நீட்டினார். “எழுதுனதுக்கு நகல் வச்சிருப்பீங்களே, கொடுங்க.”

வைத்திருந்தார். ஹபீபுன்னிசா நகலையும் இதழின் வாசகர் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இதழில் இருந்தது இவ்வளவுதான்: ‘அட்டைப்படம் அருமை. விரால் தொடரை ஒரே மூச்சில் படித்தேன். – வேதநாயகம், மன்னார்குடி.’ நகலில் அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம் கண்டனம் இருந்தது.

“மூணு லெட்டரும் இப்படித்தான் ஆரம்பிக்குது. மேல உள்ள ரெண்டு வரிய மட்டும் அச்சுல போட்டுட்டு மிச்சத்தத் தூக்கிக் கடாசிருக்காங்க. ஏன் சார், குளம் சாவுதுன்னு சொல்ல வந்தவருக்கு அட்டைப்படம் எதுக்கு?”

“பள்ளிக்கூடத்துல அப்படித்தாம்மா சொல்லிக்கொடுத்தாங்க. முதல்ல வணக்கம், அப்புறம் நிறை, அதுக்கப்புறந்தான் குறை. எடுத்த எடுப்புல குறை சொன்னா மரியாதை இல்லையே.”

“தீயணைப்புக்குப் போன் பண்ணாலும் நலம், நலமறிய ஆவல்னுதான் ஆரம்பிப்பீங்க போல,” என்றான் நெடுஞ்செழியன்.

“சும்மா இருடா,” என்று மீரா உசேன் அதட்டினார். பிறகு மெதுவாக, “சார், தபால்நிலையம் மூடறதுக்குள்ள எழுதிருங்க. நிறை வேணாம். விஷயத்த மட்டும் எழுதுங்க,” என்றார்.

வேதநாயகம் தாளை எடுத்தார். பேனா தானாகவே ‘அன்புடையீர், அட்டை’ வரைக்கும் போய்விட்டது. கிழித்தார். அடுத்த தாளில் ‘தங்கள் இதழின் நெடுநாள் வாசகன் என்ற முறையில்’ என்று வந்தது. அதையும் கசக்கினார். வணக்கம் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைப் பிடிப்பது போலிருந்தது அவருக்கு. கண்ணை மூடினால் குஞ்சுகள் வட்டமடித்தன.

“ரெண்டே வரி சார். அவங்க மூணாவது வரிக்கு வர மாட்டாங்க,” என்றார் ஹபீபுன்னிசா.

எழுதினார்.

‘உங்கள் தொடரால் எங்கள் குளத்தில் விரால் வம்சம் அழிகிறது. போட்டியை நிறுத்துங்கள்.’

அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. கீழே நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

“நிறுத்துவாங்களா பாய்?” என்று கேட்டார் வேதநாயகம்.

மீரா உசேன் பசைப் புட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

தபால்நிலையத்தில் சனிக்கிழமைக் கூட்டம் வடிந்திருந்தது. வேதநாயகம் உறையின் வாயைக் கட்டைவிரலால் மூன்று நான்கு முறை அழுத்தித் தேய்த்தார். கவுண்டரில் இருந்த பெண் ஸ்பீடு போஸ்ட் சீட்டை ஒட்டிவிட்டு, “திங்கள், இல்லன்னா செவ்வாய் போயிரும் சார்,” என்றாள்.

“செவ்வாய் தாண்டிடக் கூடாதும்மா.”

“அது எங்க கையில இல்ல சார்.”

அவர் இன்னும் உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் மெல்ல இழுத்தாள். அவர் விட்டார். முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருந்த பைக்குள் அதைப் போட்டாள்.