தண்ணீர் ஏறியதைச் சொல்லும் கேபிள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, கேட்டது. நான் இப்போது வேலை செய்யும் தூரதேசத்தில், எங்கள் கிழக்கிலங்கைக் கல்முனைப் பக்கத்து ஆள் ஒருவர் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார்: “ஒரு பெட்டி தண்ணி ஏறுறதப் பாத்து மற்றப் பெட்டிய எழுப்பும். என்ட கண்ணால கண்டன்.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மிச்சத்தை எல்லாம் நான்தான் உண்டாக்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘1986இல், மாரி தொடங்குமுன், வானம் கறுத்து’ — [வேண்டாம். வானம் எல்லாக் கதையிலும் கறுக்கிறது.]

இரண்டாவது: ஜவுபர் வாய்க்கால் கரையில் குந்தியிருந்தான். நீர்ப்பாசன அலுவலகத்துக்காகத் தண்ணீர் அளக்கும் கருவிகளைப் பூட்டுகிறவன் அவன். இடப்பக்கம் அளவைப் பதிந்துகொள்ளும் லொகர் பெட்டி. குழாய்க்குள் கிடக்கும் மிதவை தண்ணீரின் உயரத்தை அதற்குச் சொல்லும். வலப்பக்கம் பீப்பா மாதிரி ஒரு மெஷின், வயிற்றுக்குள் வட்டமாகப் போத்தல்கள். தண்ணீர் ஏறினால் முதலாவது அறியும், இரண்டாவது குடிக்கும். நடுவில் ஒரு கேபிள்.

இது இருக்கட்டும்.

ஒவ்வொரு மாரியிலும் முதல் வெள்ளம் வயலிலிருந்து வடிந்து கடலோரக் களப்பில் விழும்போது மீன் செத்து மிதக்கிறது. பெரியநீலாவணைத் தங்கராசாவுக்கு அந்தக் களப்புத்தான் சோறு. வயலுக்கு அடிக்கும் மருந்துதான் காரணம் என்கிறார். இல்லை என்கிறார் அப்துல் ஸமட், அந்த வயல்வெளிக்கெல்லாம், அதாவது வட்டைக்கு, தண்ணீர் முறை வைக்கும் வட்டை விதானை. முதல் வெள்ளத்தைப் பிடித்தால் தெரிந்துவிடும். அது எந்நேரம் வருமென்றுதான் யாருக்கும் தெரியாது.

அப்துல் ஸமட் ஜவுபரின் மாமனார். மகள் சுபைறாவுக்கு அவர் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் ஜவுபர் இருக்கிறான்.*

* எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மாமனாரோடு முறைத்தால், முறைத்த இடத்திலேயே படுக்கவும் வேண்டும்.

3

முதல் வரைவில் அப்துல் ஸமட்டைக் கெட்டவராக வைத்தேன். கத்தியோடு வந்து கேபிளை வெட்டினார். கதை நாலு வரியில் செத்துப்போனது. இப்போது குடையோடு வருகிறார், பார்ப்பதற்கு. தங்கராசாவும் வந்துவிட்டார். ஆனால் கேபிளுக்கு அப்பால் நிற்கிறார்.

“தாண்டி வாங்க அண்ணன், ஒண்டும் செய்யா,” என்றான் ஜவுபர்.

“இந்தக் கண்ணிவெடிக் காலத்தில நெலத்தில கெடக்கிற வயரத் தாண்டச் சொல்றியே தம்பி.”

“பயப்படாத தங்கராசா,” என்றார் அப்துல் ஸமட். “வெடிச்சா முதல்ல என்ட மருமகன்தான்.”

ஜவுபர் கேபிளின் முனையைச் செருகி வளையத்தைத் திருகினான். குழாய்க்குள் கைவிட்டு மிதவையை மெல்ல உயர்த்தினான். வாய்க்காலில் தண்ணீர் அப்படியே கிடந்தது. ஆனால் பெட்டிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. வலப்பக்கத்து மெஷின், யாரும் தொடாமல், ‘டக்’ என்று விழித்தது. முதலில் ஊதியது. வாய்க்காலுக்குள் குமிழி கொதித்தது. பிறகு இழுத்தது. பழுப்புத் தண்ணீர் குழாய் வழியே ஏறிவந்து போத்தலில் விழுந்தது.

[இந்த இடத்தை ஐந்தாறு தடவை எழுதினேன். உவமை எதுவும் ஒட்டவில்லை. மிதவை உயர்ந்தது, மெஷின் விழித்தது. அவ்வளவுதான். அவ்வளவும்தான்.]

“சுபுஹானல்லாஹ்,” என்றார் அப்துல் ஸமட். “ஆரு சொன்ன அதுக்கு?”

“கேபிள்தான் மாமா.”

“பொய் சொல்லுமா?”

“அதுக்குத் தெரியா.”

“அப்ப வட்டை விதானையா வேல பாக்கேலா,” என்றார் தங்கராசா.

4

சோதனை முடிந்தால் கேபிளைக் கழற்றி, போத்தலை மாற்றி, மறுபடி பூட்டவேண்டும். ஜவுபர் கழற்றினான். போத்தலை வெளியே எடுத்ததும் அப்துல் ஸமட் அதைப் பறித்துக்கொண்டார்.

“இது எங்கட வட்டைத் தண்ணி. நல்லாப் பாத்துக்க தங்கராசா.”

பிஸ்மி சொல்லி வாயருகே கொண்டுபோனார்.

நான் எழுதிவைத்திருந்தது: ‘ஜவுபர் பேசாமல் நின்றான்.’ அவன் கை அதைக் கேட்கவில்லை. பாய்ந்துபோய்ப் போத்தலின் வாயைப் பொத்திவிட்டது.

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தண்ணீர் விரலிடுக்கால் வழிந்தது. தங்கராசா சிரித்திருக்கலாம். சிரிக்காமல் களப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கிறீங்களா மருமகன்?”

“தெரியா மாமா. தெரியாமக் குடிக்க விடேலா.”

அப்துல் ஸமட் போத்தலை வைத்துவிட்டுக் குனிந்து, சேற்றில் கிடந்த கேபிளின் முனையை எடுத்தார்.

“இத நான் கொண்டு போனா?”

“ரெண்டும் வேல செய்யும் மாமா. அது தண்ணிய அறியும். இது போத்தலோட காத்திரிக்கும். ஒண்டு அறிஞ்சது மற்றதுக்குத் தெரியா.”

மேற்கே இடி உருண்டது. அவர் நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தோள் சால்வையால் சேற்றைத் துடைத்தார். ஒவ்வொரு துளையாக ஊதினார்.

“சேறு பட்டா இதுக்கு வாய் தெறக்கா. இந்தாங்க.”

ஜவுபர் வாங்கிப் பூட்டினான்.

5

மழை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு வந்தது. கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஏறியது. பெட்டி அறிந்தது. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் சொல்லாமல், மெஷின் விழித்துக் குடிக்கத் தொடங்கியது.

தண்ணீர் சுத்தம் என்று ஒரு முடிவு எழுதினேன். தங்கராசாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அடித்தேன். மருந்து இருக்கிறது என்று இன்னொன்று எழுதினேன். அதில் ஜவுபர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான், பிறகு அவன் —

போத்தல்கள் நிறைந்திருக்கின்றன. மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் திறவுங்கள். திறக்குமுன் சுபைறாவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து அவள் உலை வைத்துவிட்டாள்.