கப்பல் திரும்புகிறது

செல்வநாயகி ஏறிய விமானம் கடலில் காணாமல் போய் ஒரு மழைக்காலமே முழுசாகக் கழிந்துவிட்டது. கப்பல் விட்டு இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். தேடுகிறவர்களே ஓயாதபோது நான் மட்டும் எப்படிக் காரியம் செய்ய முடியும்? இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. ஆனால் என் சொந்தபந்தத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை.

எங்கள் மகள் துர்காவுக்குத் தலைப்பிரசவம். அவள் வாக்கப்பட்டுப் போனது ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரம். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் புறப்பட்டவள்தான் என் பெண்சாதி. வேப்பூர் போகும் பஸ்ஸிலேயே தலை சுற்றுகிறது என்று புளிப்பு மிட்டாய் கேட்பவள். "கடலு மேலயேவா போவும்?" என்று கேட்டாள். "நீ பாட்டுக்குத் தூங்கு, எறங்கும்போது எழுப்புவாங்க" என்றேன். அவளுக்கு இருந்த பயமெல்லாம் பிரசவ லேகியத்தைப் பற்றித்தான். அந்த ஊர் அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்களாம். டப்பாவைப் புடவைகளுக்கு நடுவில் சுற்றி வைத்தாள். சிங்கப்பூரில் விமானம் மாறி ஏறினாள். அந்த விமானம் பெர்த்தில் இறங்கவில்லை. அடுத்த வாரமே துர்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பக்கத்தில் தாய் இல்லாமல் பெற்றெடுத்தாள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மணிமுத்தாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஆற்றில் கரைத்த எலும்பு கூழாங்கல்லாக மாறி மணலுக்கு அடியில் தங்கிவிடும் என்பார்கள். காசிக்குப் போக முடியாதவர்கள் இங்கே வருவார்கள். சேத்தியாத்தோப்பு பக்கமிருந்தும் பெண்ணாடம் பக்கமிருந்தும் கலயத்தோடு வேன் பிடித்து வருகிறவர்களைத் தினம் பார்க்கலாம். செல்வநாயகி நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலே, "நான் போயிட்டா நம்ம ஆத்துல கொண்டாந்து வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரை போடுவாள். எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறவர்களுக்கெல்லாம் கிடைக்கிற இடம் இந்த ஊரிலேயே பிறந்தவளுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. அவளுடையது என்று ஏதாவது ஒன்று வந்து சேர வேண்டும், ஒரு பிடியாவது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செல்போன் கடை அலாவுதீன் பாய்தான் எனக்கு அந்தக் கப்பலைக் காட்டினார். சவுதியில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். உலகத்துக் கப்பலெல்லாம் எங்கெங்கே போகிறது என்று காட்டுகிற ஒரு சமாச்சாரத்தை என் போனில் ஏற்றிவிட்டார். நீலத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் கடலடியில் தேடுகிற கப்பல். நேராகப் போகும், திரும்பும், பக்கத்திலேயே இன்னொரு கோடு போடும். எங்கள் அப்பா ஏர் ஓட்டியது எனக்கு நினைவுக்கு வரும்.

காலையில் கண் விழித்ததும் அதைப் பார்ப்பேன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். வீட்டில் பேச ஆள் இல்லை. "இன்னிக்கு என்னா மெதுவா போற" என்று புள்ளியிடம் கேட்பேன். அது அசைந்துகொண்டே இருக்கும். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அசைந்தது.

விமானக் கம்பெனிக்காரர்கள் எதுவானாலும் துர்காவிடம்தான் சொல்வார்கள், அவள் எனக்குச் சொல்வாள். ஆனால் நாங்கள் பேசுவது சாப்பாட்டோடு நின்றுவிடும். "சாப்டீங்களாப்பா?" "ஆச்சு. நீ?" பச்சை உடம்புக்காரியிடம் கப்பலைப் பற்றிப் பேசி அழ வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெண்ணாடத்திலிருந்து பூங்கோதை அக்கா வருவாள். எனக்கு மூத்தவள், வாய் அதிகம். "ராஜாங்கம், உடம்பு கெடைக்காதவங்களுக்கு தர்ப்பையில பொம்ம செஞ்சி எரிச்சிக் காரியம் பண்றது வழக்கம்தானேடா. பொம்மைய வச்சி முடிச்சிடுவோம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குத் தீ போடுகிறவன் நான். பிள்ளையார் பொம்மை, கிளி பொம்மை, தலையாட்டி பொம்மை என்று சுட்டுத்தான் மகளைப் படிக்க வைத்தேன். "ஆயுசு பூரா பொம்மையத்தான் சுட்டுகிட்டு கெடக்கறேன். பொண்டாட்டியையும் பொம்மையா சுடச் சொல்றியா?" என்றேன். அக்கா காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பிறகு அந்தக் காபியை நான்தான் குடித்தேன்.

அப்புறம் ஒருநாள் புள்ளி கோட்டை விட்டு விலகியது. நான் டீக்கடையில் இருந்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்பவில்லை. நேராகக் கரையைப் பார்த்துப் போனது, அதுவரை போகாத வேகத்தில்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. சூளைக்குத் தீ போட்டவன், சரக்கு வேகும்வரை அதை விட்டு நகர மாட்டான். வீட்டில் சாவு என்றாலும் ஆள் மாற்றிவிட்டுத்தான் போவான். பட்டப்பகலில் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தால், "என்னா ராஜாங்கம், வெந்துடுச்சா?" என்றுதான் பேட்டையில் கேட்பார்கள். வேகவில்லையா என்று கேட்கமாட்டார்கள். வேகாமல் நான் எப்படி நடப்பேன்? அதனால் கப்பல் கிளம்பிவிட்டது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். கிடைத்துவிட்டது.

பக்கத்தில் இருந்த அலாவுதீன் பாய் போனை வாங்கிப் பார்த்தார். "அண்ணே, செய்தி வரட்டும். அவசரப்படாதீங்க" என்றார்.

"இதுக்கு மேல என்னா செய்தி பாய்? வேல முடிஞ்சிது, கெளம்பிட்டாங்க."

அவர் எனக்கு இன்னொரு டீ சொன்னார். துர்காவிடமும் நான் வாய் திறக்கவில்லை. கரைக்கு வந்ததும் அவர்களே சொல்லட்டும் என்று விட்டேன்.

கப்பல் கரை சேர நாள் பிடிக்கும். அதற்குள் ஒரு வேலை இருந்தது. அவளை மண் கலயத்தில் வைத்து எடுத்துப் போக எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டையில் ஊறுகாய் ஜாடிக்கு அச்சு இருக்கிறது. அதில் வார்த்து உலர்ந்த ஜாடி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அவளுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில் மெருகு பூசினேன். மூடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். சூளையில் சூடு சீராக இருக்கிற இடம் எனக்குத் தெரியும், அங்கே வைத்தேன். வெந்து வந்தபோது ஒரு புள்ளி குறை இல்லை. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்பவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் இருந்தேன்.

ஆற்றங்கரை அய்யரிடம் சொல்லி வைத்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் சண்டையெல்லாம் மறந்து, முதல் பஸ்ஸில் பூவும் தேங்காயுமாக வந்து இறங்கினாள்.

புள்ளி துறைமுகத்தில் போய் நின்றது. அன்று காலை துர்கா கூப்பிட்டாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

"அப்பா, தேடறத நிறுத்திட்டாங்கப்பா. நிறுத்தப் போறோம்னு முன்னாடியே சொன்னாங்க. ஒங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல."

"கெடச்சதாலதானே நிறுத்திட்டாங்க?"

"இல்லப்பா."

"வேல முடியாம எப்பிடிம்மா கெளம்புவாங்க?"

"முடியாதுன்னுதான் கெளம்பிட்டாங்கப்பா."

"ஒரு துணி?"

"இல்லப்பா."

"லேகிய டப்பா?"

அவள் அழுதுவிட்டாள். நான் கையில் ஜாடியோடு நின்றேன். "கப்பல் கரைக்கு வந்தத நானே பாத்தனேம்மா" என்றேன்.

அழுகை நின்றது. "நீங்களும் அதப் பாக்கறீங்களா?"

"தெனம்."

"நானும்தாம்பா. பாப்பாவுக்குப் பால் குடுக்கும்போதெல்லாம் அதத்தான் பாத்துகிட்டு இருப்பேன்."

இரண்டு பேரும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் வாய்விட்டு அழுதேன். செல்வநாயகி போனதற்குக் கூட அப்படி அழுததில்லை. அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

அய்யருக்குச் சொல்லி வைத்தாயிற்று, போகாமல் இருக்க முடியாது. ஜாடியை எடுத்துக்கொண்டு அக்காவோடு ஆற்றுக்குப் போனேன். "என்னையும் கூட்டிகிட்டுப் போங்கப்பா" என்றாள் துர்கா. வீடியோவில் அவள் முகம் தெரிகிறாற்போல் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். எங்களுக்கு முன்னால் சேத்தியாத்தோப்பு ஆட்கள் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு, முழுக்குப் போட ஆழமில்லாமல் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். அவர்கள் வேன் ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விட்டார்கள். அய்யர் என் ஜாடியைப் பார்த்தார். மூடியைத் திறந்து காட்டினேன். அவர் நல்ல மனிதர், நகர்ந்து வழி விட்டார்.

"தர்ப்பை இருக்குதுடா" என்றாள் அக்கா, மெதுவாக. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

தண்ணீரில் இறங்கினேன். போடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. குனிந்து மணலுக்குள் கையை விட்டேன். ஒரு கல் வந்தது. கோழிமுட்டை அளவு, வெளுப்பாக, வழவழப்பாக இருந்தது. கழுவினேன். துர்கா பார்க்கட்டும் என்று போனை எடுத்துக் காட்டினேன்.

"அது யாரோ என்னவோப்பா" என்றாள்.

"யாரா இருந்தா என்னாம்மா. கொண்டாந்து வுட்டவங்க வேன் ஏறிப் போயிட்டாங்க. இதுவும் தனியாத்தான் கெடந்துது."

"நான் பாப்பாவத் தூக்கிகிட்டு வர்ற வரைக்கும் அம்மா பக்கத்துல வையுங்கப்பா" என்றாள். அம்மா படத்துக்குப் பக்கத்தில் என்று சொல்ல வந்திருப்பாள். கல்லை ஜாடிக்குள் வைத்து மூடினேன்.

"போன வைக்காதீங்கப்பா" என்றாள் துர்கா. வீடு வரும்வரை நான் வைக்கவில்லை.