வெட்டி எடுத்த முகம்

மதியத்துக்குள் பதினெட்டாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். வாய் கோணி, கண் பிதுங்க நிற்கும் ஒரு பெண்ணின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ‘திங்கட்கிழமை காலையில் நாம்’ என்று எழுதி அதை அருங்காட்சியகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டவள் அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி. நான்கு வருடமாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பானைக்கும் நாணயத்துக்கும் வராத கூட்டம் இதற்கு வந்ததில் காலையெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு கருத்து வந்தது. ‘இது எங்கம்மா. சிரிக்காதீங்க.’ அதற்கும் அறுபது பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

மூலப் படத்தைத் தேடித் திறந்தாள். நெசவாலை தீப்பிடித்த அன்று ஆலை வாசலில் எடுத்தது என்று குறிப்பில் இருந்தது. கூட்டத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தபோது குறிப்பை அவள் படிக்கவில்லை. பதிவை உடனே அழித்துவிட்டு இயக்குநரின் அறைக்குப் போனாள்.

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதினா நாளைக்கு பேப்பர்ல வந்துடும்மா. கமெண்ட் போட்ட அந்தம்மாகிட்ட யாரும் பேச வேண்டாம்” என்றார் அவர்.

“அதுக்குள்ள எங்கெங்கயோ பரவிடுச்சு சார்.”

“அது நம்ம தலைவலி இல்ல.”

இருக்கைக்குத் திரும்பியதும் வாசல் காவலர் போனில் கூப்பிட்டார். “படம் போட்டவங்களப் பாக்கணும்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. நீங்க இல்லன்னு சொல்லிடவா?”

சொல்லிடுங்க என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது.

“மேல அனுப்புங்க.”

வந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

“நீங்கதான் போட்டீங்களா?”

“நான்தாங்க. தெரியாம... இல்ல, படிச்சுப் பாக்காம போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

“மருமக சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து காட்டுறா. பாவம், அவளுக்கு என்ன தெரியும். எங்கப்பாவ வெளிய தூக்கிட்டு வந்த நேரம்மா அது.” திரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “முழுப் படம் இருக்கா?”

வெளியிடாத படங்களை இயக்குநர் கையெழுத்தில்லாமல் வெளியாருக்குக் காட்டக் கூடாது. மேஜைத் தொலைபேசி அடித்தது. இயக்குநரின் எண். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டுத் திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள்.

வலது ஓரத்தில் புகை. சாக்கு போர்த்திய எதையோ நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அந்த அம்மாள் அங்கே பார்க்கவில்லை. தன் தாயின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கியது. தாயின் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்தபடி ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்றிருந்தது.

“என்னை அன்னைக்கு வீட்லயே விட்டுட்டுப் போனேன்னு அம்மா சொல்லுவா” என்றாள். “சாகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னா.”

அவளுடைய விரல் திரையைத் தொடாமல் நின்றது. தொலைபேசி ஓய்ந்து மறுபடி அடிக்கத் தொடங்கியது. ஆலை வாசலில் அத்தனை பேரும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை மட்டும் வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.