தாரியேரே வீட்டு இருட்டு

எங்கள் ஊரான அயெபிரியில் எண்ணெய்க் கம்பெனி வாயுத்தீயை ஏற்றிய நாளிலிருந்து ஊருக்கு இரவு வருவது நின்றுபோயிற்று. தாரியேரேயின் வீட்டுக்கு மட்டும் அது வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. சூரியன் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இறங்கியதும் அவளுடைய தகரக் கூரையின் விளிம்பிலிருந்து இருட்டு சொட்டத் தொடங்கும். முதலில் வாசற்படி, பிறகு அடுப்படி, பிறகு முற்றம் என்று நிரம்பி, வேலிவரை வந்து நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் முழுவதும் செம்மஞ்சள் வெளிச்சத்தில் விழித்துக் கிடக்கும். வேலியோரத்து வாழையில் பாதி இலைகள் தொங்கி உறங்கின, பாதி விறைத்து நின்றன. அவள் முற்றத்தில் மின்மினிகள் இருந்தன, தவளைகள் கத்தின, அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்கள் தெரிந்தன. முட்டை விலை ஏறியதும் அந்த வருடம்தான். எப்போது அடைவது என்று தெரியாமல் ஊர்க் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டன.

வாயுத்தீ எப்படி எரிகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. பூமிக்கடியில் எண்ணெய் தனியாக இருப்பதில்லை. சோடா பாட்டிலுக்குள் வாயு அடங்கியிருப்பதுபோல எண்ணெய்க்குள் வாயு அழுந்திக் கிடக்கிறது. கிணறு தோண்டியதும் மூடியைத் திறந்தது போலாகி இரண்டும் சேர்ந்து மேலே வருகின்றன. கம்பெனி நிலையத்தில் உள்ள பெரிய இரும்புத் தொட்டிக்குள் விட்டால் கனமான எண்ணெய் அடியில் தங்கும், வாயு மேலே எழும். எண்ணெய் குழாய் வழியாகக் கடலுக்குப் போய்க் கப்பலேறும். வாயுவையும் அப்படி அனுப்பலாம். ஆனால் அதை அழுத்த இயந்திரம் வேண்டும், தனிக்குழாய் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். உயரமான குழாயின் நுனியில் கொளுத்திவிடுவது அதைவிட மலிவு. பனைமர உயரத்துக்கு எழும் அந்தத் தீ மழையிலும் அணையாது, ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது. எங்கள் பெண்கள் அதன் சூட்டில் மரவள்ளி மாவையும் மீனையும் உலர்த்தினார்கள். அதன் புகை கலந்த மழையில் கூரைத் தகரங்கள் சீக்கிரம் பொத்துப்போயின. இருட்டில் மட்டும் மேலே வரும் மீன்கள் எங்கள் ஓடையை மறந்துபோயின.

இந்தத் தீக்கு ஊர் சம்மதித்திருந்தது. எங்கள் பக்கத்தில் சம்மதம் தொண்டை வழியாகத்தான் இறங்கும். பெண் கேட்டு வருகிறவனும் நிலம் கேட்டு வருகிறவனும் மது கொண்டுவர வேண்டும். அதைக் குடித்தவர் சம்மதித்தவர். பிடிக்கவில்லை என்றால் அந்த ஆள் கொண்டுவந்த மதுவை அவன் கண்முன்னால் மண்ணில் ஊற்ற வேண்டும். முன்பே குடித்தவர்கள்கூட அப்படித்தான் சம்மதத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊற்றினால் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்புவாள், நிலம் உரியவருக்குத் திரும்பும். கம்பெனி பெட்டி பெட்டியாக ஜின் கொண்டுவந்தது. அதன் மக்கள் தொடர்பு அதிகாரி ஃபோலாரின், அப்போது மெலிந்த இளைஞர், ஊர்க்கூடத்தில் வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். ஊர்த்தலைவர் எசெலெமோ அதைச் சுருக்கமாக எங்கள் மொழியில் சொன்னார்.

“நல்லது வருதாம். குடிங்க.”

எதற்காகக் குடிக்கிறோம், எவ்வளவு எடுப்பார்கள், என்ன தருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வந்தால் குலம் கேட்கிற ஊர், அவன் எங்கே உழைக்கிறான், எத்தனை வலை வைத்திருக்கிறான் என்றெல்லாம் துருவுகிற ஊர், தீ மாப்பிள்ளை இல்லை என்று நினைத்துவிட்டது.

மோட்டார் படகு ஓட்டும் கெமெபாதேவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் தாரியேரே. இளையவள் லயேஃபா, அந்த மாதம்தான் வந்தவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள். இருவருக்கும் அடுத்தடுத்து வீடு, தனித்தனி அடுப்பு. கோப்பை மூத்தவளிடம் முதலில் போவதுதான் முறை. எசெலெமோ புதுப்பெண்ணின் பவழ மாலையைப் பார்த்துக்கொண்டே அவளிடம் முதல் கோப்பையை நீட்டினார். லயேஃபா வாங்கிக் குடித்தாள். அடுத்து வந்த கோப்பையைத் தாரியேரே வாங்கி, ஃபோலாரின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் காலடி மண்ணில் ஊற்றினாள். முன்னோர்களுக்குப் படைக்கிறாள் என்று நினைத்து அவர் மரியாதையாகத் தலை குனிந்தார். மற்றவர்கள் கண்ணெல்லாம் ஜின் பெட்டிகளில் இருந்தது. எண்ணெயைப் பற்றித் தாரியேரே எதுவும் யோசிக்கவில்லை. அவள் மனதில் அந்தப் பவழ மாலை மட்டுமே இருந்தது.

தீ ஏற்றிய மாலையில் தன் முற்றத்துக்கு மட்டும் இருட்டு வந்தபோது அவளுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இளையாள்மேல் பொறாமைப்பட்டு மதுவைக் கொட்டினாள் என்று ஊர் சிரிக்கும். அதைவிட முக்கியம், சொன்னால் ஆளுக்கொரு இரவு வந்துவிடும். கேட்டவர்களிடம் தன் தாய்வழி நீர்த்தேவதை அனுப்பியது என்றாள். கம்பெனியின் பொறியாளர்கள் கருவி கொண்டுவந்து அளந்து, நிழல் என்று முடிவு செய்துவிட்டுப் போனார்கள்.

கெமெபாதே ஒரு வாரம் மூத்தவள் வீட்டில், ஒரு வாரம் இளையவள் வீட்டில் என்று முறை வைத்திருந்தான். இரவு ஒரே வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு அவனுக்கு லயேஃபாவின் வாரத்தில் முதுகு வலிக்க ஆரம்பித்தது. நாள் முழுவதும் படகில் கண் கூச உட்கார்ந்திருப்பவனுக்கு உறக்கம்தான் பெரிது. பவழ மாலை போட்டவள் கண்ணில் துணி கட்டிக்கொண்டு தனியாகப் புரண்டாள். வேலிக்கு அப்பால் அவன் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டைமேல் அவளுக்கு வந்த பொறாமையை அளக்கக் கருவி இல்லை.

“அக்கா, உங்க இருட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விடுங்களேன். வேலியில ஓட்டை போட்டுக்கிறேன்,” என்றாள் ஒருநாள்.

“தாராளமா போடு. உள்ளேருந்து வந்தா நீயே அள்ளிக்கோ. ஆனா வாசல்ல பவழத்த மாட்டி வச்சுடாதே, கண்ணு கூசி ஓடிடும்,” என்றாள் தாரியேரே.

லயேஃபா ஓட்டை போட்டாள். இருட்டு வரவில்லை. தாரியேரே முற்றத்து மண்ணை அள்ளித் தன் முற்றத்தில் பரப்பினாள், அதே தச்சனைக் கொண்டு கூரையை மாற்றினாள், அதே உயரத்தில் தூண் நட்டாள், அதே இனத்து வாழைக்கன்று வைத்தாள். எதை மாற்றினால் எது நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிற புத்தி அவளுக்கு. ஒன்றும் பலிக்கவில்லை. இருட்டில் மட்டும் உலவும் நில நண்டுகள் ஊரைவிட்டுப் போனபின் தாரியேரேயின் முற்றத்தில் கொழுத்துத் திரிந்தன. அவள் அவற்றை மிளகுக் குழம்பு வைத்து, வாசனை வேலி தாண்டும்படி மூடியைத் திறந்தே கொதிக்கவிட்டாள். பிரசவித்தவர்களும் காய்ச்சல்காரர்களும் அவள் முற்றத்தில் பாய் போட இடம் கேட்டு நின்றார்கள். யார் உறங்கலாம், யார் கூடாது என்று அவள்தான் சொன்னாள். லயேஃபாவுக்கு மலேரியா வந்தபோது மூன்று நாள் இடம் கொடுத்தாள். நான்காம் நாள் பாயைச் சுருட்டி வேலிக்கு வெளியே வைத்தாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஓடையில் எண்ணெய் படிந்தது, நத்தை பொறுக்கும் சேறு நாறியது, வருவதாகச் சொன்ன மருத்துவமனைக்கு அஸ்திவாரம் மட்டும் வந்தது. எசெலெமோ வீட்டுக்கு ஜெனரேட்டரும் தடித்த திரைச்சீலைகளும் வந்தன. அந்தத் திரைச்சீலைகளின்மேல் ஊருக்குப் பொறாமை, தாரியேரேயின் இருட்டின்மேல் திரைச்சீலைக்காரருக்குப் பொறாமை. கம்பெனி எவ்வளவு எடுக்கிறது என்று கேட்டால் தலைமையகத்துக்குத்தான் தெரியும் என்றார்கள். எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால் தலைவர் இருமினார்.

ஒப்பந்தத் தவணை முடிந்தபோது ஃபோலாரின் மறுபடி வந்தார். இப்போது தொப்பையும் நரையும் இருந்தன, ஜின் பெட்டிகள் முன்னைவிட அதிகம். ஊர் மறுபடி குடித்தால் கம்பெனிக்கு இன்னொரு தலைமுறை. படித்தவள், மகளிர் சங்கச் செயலாளர் என்ற மரியாதையில் எசெலெமோ முதல் கோப்பையை மறுபடி லயேஃபாவிடம் நீட்டினார். லயேஃபா அதை வாங்கி, குடிப்பதற்கு முன் ஓரக்கண்ணால் மூத்தவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தாரியேரே எழுந்து வந்து அவள் மணிக்கட்டில் அறைந்தாள். ஜின் முழுவதும் ஃபோலாரினின் பூட்ஸுக்கு முன்னால் மண்ணில் கொட்டியது.

“வயசானவ நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். இந்த ஊர்ல கோப்பைக்குக்கூட கண்ணு தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. முதல் கோப்பை சிந்தினால் அன்று யாரும் குடிக்கக் கூடாது என்பதால் விருந்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று மாலை லயேஃபாவின் கூரை விளிம்பிலிருந்து இருட்டு சொட்டியது. வாசற்படி, அடுப்படி, முற்றம். அவள் ஏணியில் ஏறித் தகரத்தைத் தடவிப் பார்த்தாள், விரலில் ஈரமில்லை. கீழே இறங்கி, அன்று புதிதாக நடந்தது எது என்று யோசித்தாள். பிறகு விளக்கோடு வேலி தாண்டிப் போனாள். தாரியேரே நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கம்பெனிக்காரன் மொத வந்தானே, அன்னைக்கு நீங்க குடிச்சீங்களா?”

“இல்ல.”

“என்ன பண்ணீங்க?”

“கீழ ஊத்துனேன்.”

“கம்பெனிக்காரனப் பத்தி அப்பவே தெரிஞ்சு போச்சா உங்களுக்கு?”

“எனக்கென்ன தெரியும். உனக்கு மொதல்ல குடுத்தாங்க, அதான் ஊத்துனேன்.”

லயேஃபா விளக்கைக் கீழே வைத்தாள். “இத்தன வருஷமும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லல.”

“சொல்லியிருந்தா நீ என்னப் பாத்து ஏங்கியிருப்பியா? ஒரு நாளாவது ஏங்கட்டும்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு, அப்படியே போயிடுச்சு.” ஒரு நண்டுக் காலை அவளிடம் நீட்டினாள். “பெரிய கால் கேக்காத.”

லயேஃபா அதை வாங்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள், அடுத்து அதற்கடுத்த வீடு. விடிவதற்குள் எசெலெமோவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

மறுநாள் ஊர்க்கூடத்தில் லயேஃபா எழுந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதைப்போலக் கேட்டாள். தினமும் எத்தனை பீப்பாய் போகிறது, எவ்வளவு வாயு எரிகிறது, ஊருக்கென்று எவ்வளவு வந்தது, அதை யார் வாங்கினார்கள். ஃபோலாரின் அவையெல்லாம் ரகசியத் தகவல்கள் என்று பணிவாகச் சொன்னார். எசெலெமோ இருமினார்.

“சரி சார், ஊத்துங்க,” என்றாள் லயேஃபா.

ஊரே வரிசையில் நின்று ஆளுக்கொரு கோப்பை வாங்கி, ஃபோலாரினின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மண்ணில் ஊற்றியது. இத்தனை பக்தியான ஊரை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து நன்றி சொன்னார். கெமெபாதே மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமா என்று கோப்பையை உயர்த்தினான், இரண்டு மனைவிகளும் இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்து ஊற்றிவிட்டான். அன்று மாலை கூரை கூரையாக இருட்டு இறங்கியது. தீ உச்சியில் எரிந்துகொண்டுதான் இருந்தது, சுவரில் வரைந்த தீயைப்போல. சூடு வந்தது, வெளிச்சம் வரவில்லை. இருட்டு நிலையத்து வேலியையும் தாண்டி உள்ளே போயிற்று. தொட்டியின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்கக் கம்பெனி விளக்கு எதுவும் அந்த இருட்டில் எடுபடாததால் ஊழியர்கள் மாலையில் வால்வுகளை மூடிவிட்டுப் படுத்தார்கள். அழுத்தம் தெரியாமல் எண்ணெயைத் தள்ளினால் குழாய் வெடிக்கும். கப்பல்கள் கடலில் காத்து நின்றன.

கணக்கு சொல்லாமல் யாரும் குடிக்கப்போவதில்லை என்று ஊர் சொல்லியனுப்பியது. மறுவாரம் ஃபோலாரின் ஜின் இல்லாமல் வந்தார். எத்தனை பீப்பாய், எவ்வளவு வாயு, எந்த வருடம் எவ்வளவு பணம், யார் கைக்கு என்று வெயிலில் நின்று வாசித்தார். லயேஃபா ஒவ்வொரு வரியையும் எங்கள் மொழியில் சொன்னாள், சுருக்காமல். எசெலெமோவின் பெயர் வந்த இடங்களில் கூட்டம் அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வாசிப்புக்குக் காது கொடுத்தது. அதன் பிறகுதான் புது ஒப்பந்தம் பேசினார்கள். மாதந்தோறும் அளவுமானியை ஊர் ஆட்கள் முன்னால் படித்துக் கூடத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஊர்ப்பணம் எல்லார் முன்னாலும் வர வேண்டும், ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும், இரவு இந்த ஒப்பந்தத்தில் சேராது. கடைசி வரியை ஃபோலாரினை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு ஃபோலாரின் ஜின் வரவழைத்தார், குடித்தார்கள். முதல் கோப்பை தாரியேரேவுக்குப் போயிற்று. அன்றிலிருந்து இருட்டு நிலையத்து வேலியோடு நின்றுகொண்டது. மருத்துவமனைச் சுவர் அந்த மழைக்காலம் முடிவதற்குள் எழுந்தது.

எசெலெமோ மட்டும் எதையும் ஊற்றவில்லை. அவர் குடித்தது ஒரு கோப்பைக் கணக்கில் அடங்காது என்பதால் எவ்வளவு ஊற்றுவது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் வீட்டின்மேல் மட்டும் இப்போதும் வெளிச்சம் விழுகிறது. பெண்கள் மாலையானால் வலை பின்ன அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவரும் பேச்சுத்துணை ஆயிற்று என்று நாற்காலி போடுகிறார்.

கெமெபாதேவின் முதுகு வலி சரியாகி, பழையபடி வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வந்தது. தன் பாயைச் சுருட்டி வெளியே வைத்த நாளை லயேஃபா மறக்கவில்லை, ஆனால் காய்ச்சல்காரர்களுக்கு இப்போது அவளும் இடம் தருகிறாள், அதுவும் நான்காம் நாளைக்கும். தன் இருட்டுதான் பழையது, கெட்டியானது என்கிறாள் தாரியேரே. இளையவளுடையது தாமதமாக வருகிறதாம், கழுவிய துணிபோல வெளுத்திருக்கிறதாம். இரண்டு இருட்டும் சேரும் இடத்தில், லயேஃபா என்றோ வேலியில் போட்ட ஓட்டை வழியாக நண்டுகள் புது முற்றத்துக்குப் போய்விடுகின்றன. தாரியேரே தினமும் மாலையில் விளக்குமாறோடு அங்கே குனிந்து நின்று அவற்றைத் தன் பக்கம் விரட்டுகிறாள்.

“விடுங்களேன் அக்கா, நண்டுதானே,” என்கிறாள் லயேஃபா, தன் வாசலில் கால் நீட்டிக்கொண்டு.

“எல்லாம் என் இருட்டுல வளந்ததுங்க,” என்கிறாள் தாரியேரே.