தேவையற்ற பேச்சு

மின்விசிறியை நிறுத்தச் சொன்னது ஒலிப்பதிவாளர்தான். பக்கத்து அறையில் அவருடைய அக்கா கணவர் தோல் வார்களால் நாற்காலியோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைக்குள் ஒட்டியிருந்த மைக்கில் விசிறியின் உறுமல் விழுந்தது. தெருச் சத்தத்துக்காக ஜன்னல்களை ஏற்கெனவே போர்வையால் மூடியாகிவிட்டது.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க மாமா."

"உனக்காக இல்லடா மச்சான், கலைக்காக" என்று மாமா கண்ணடித்தார். வாரமெல்லாம் பேன்ட் தைப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போடுபவர். சினிமா இதுதான் முதல் தடவை. மைத்துனன் சிபாரிசில் வந்த வேடம்.

படம் ஓர் உளவியல் சோதனையைப் பற்றியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உத்தரவிடுவார். சாதாரண மனிதன் ஒருவன், சுவருக்கு அந்தப்புறம் கட்டப்பட்டிருப்பவனுக்கு மின்சாரம் பாய்ச்சுவதாக நம்பி, விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துவான். விசைகளில் மின்சாரம் கிடையாது. அலறுகிறவன் நடிக்கிறான். அழுத்துகிறவனுக்கு மட்டும் அது தெரியாது. எது வரைக்கும் போவான் என்று பார்ப்பதே சோதனை.

இயக்குநரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் புரொபசர் என்றார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவர் மகிழ்ந்திருப்பார். அன்று காலையும் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். கோட்டுக்காரரின் முகத்தைக் காட்டப்போவதில்லை, அதிகாரத்துக்கு முகம் கிடையாது, சட்டைக் கையும் பேனாவும் போதும். கோட்டைப் பார்க்கும்போது காமிரா தாழும், விசைக்காரனைப் பார்க்கும்போது உயரும். கட்டப்பட்டவனைக் காட்டவே மாட்டோம், அவன் வெறும் குரல். பன்னிரண்டு நிமிடமும் வெட்டில்லாத ஒரே ஷாட். "வெட்டினா பார்க்கிறவன் மூச்சு விட்டுடுவான். விடக்கூடாது." படத்திலேயே வராத ஆளை எதற்காகக் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கட்டினால்தான் குரலில் நிஜம் வரும் என்று அவராகவே விளக்கினார். கேள்வி கேட்காதவர்களுக்குப் பதில் சொல்வதில் அவருக்குத் தனி ருசி.

கடைசியில், "உங்கள்ல எத்தனை பேர் பாதியில எழுந்து போயிருப்பீங்க?" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். தூக்கத்தான் வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒலிப்பதிவாளரும் தூக்கினார்.

அந்தத் தளத்தில் 'கட்' என்ற சொல் புரொபசருடைய சொத்து. போன வாரம் விளக்கொன்று வெடித்தபோது லைட்மேன் ஒருவர் பதறிப்போய் அதைச் சொல்லிவிட்டார். மறுநாள் வேறு லைட்மேன் வந்தார். அடிபட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஷாட் போயிற்றே என்று மட்டும் உச்சுக்கொட்டினார்கள்.

மூன்றாவது டேக். கோட்டுக்காரரின் குரலைப் புரொபசரே காமிராவுக்குப் பின்னால் நின்று கொடுத்தார். "அடுத்தது." விசை. அலறல். "அடுத்தது." ஏழாவது நிமிடத்தில் ஹெட்ஃபோனுக்குள், நாடகக் குரலில் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் பேசுகிற குரலில், மாமா பேசினார்.

"மச்சான். கேக்குதாடா? வலது கை மரத்துப்போச்சு. யாரையாவது வந்து வாரைத் தளர்த்தச் சொல்லு."

அது வேறு யார் காதிலும் விழவில்லை. ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து அறைக் கதவு நாலு எட்டுத் தூரம். போனால் காமிராவைக் கடந்துதான் போக வேண்டும். ஐந்து நிமிடந்தானே என்று நினைத்தார். நடுவில் பேசியதை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்றும் நினைத்தார்.

"டேய்! நடிக்கலடா! நிஜமா சொல்றேன்!"

இது சுவரைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. மேக்கப் அம்மா உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருவியில் ஒலி அளவு சிவப்பைத் தொட்டது. ஒலிப்பதிவாளரின் விரல், இருபது வருடப் பழக்கத்தில், அளவை இரண்டு புள்ளி குறைத்தது. அதற்குப் பிறகு அலறல் பிசிறில்லாமல் பதிவானது. முழங்காலில் இருந்த குறிப்புத் தாளில் பென்சிலால் எழுதினார்: 'ஏழாவது நிமிடம், தேவையற்ற பேச்சு.'

"கட்! சவுண்ட்?"

"ஓகே சார்."

வாரை அவிழ்த்தபோது மாமாவின் மணிக்கட்டில் பள்ளம் விழுந்திருந்தது. விரல்கள் வெளிறி, வேறு யாருடையதையோ ஒட்டவைத்தது போலத் தொங்கின. கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கினார்.

"உனக்குக் கேக்கலையாடா?"

"கேட்டுச்சு மாமா."

"கேட்டுச்சா." மாமா தண்ணீரைக் குடித்து முடித்தார்.

இதற்குள் புரொபசர் ஹெட்ஃபோனை மாட்டிப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"இது ஸ்கிரிப்ட்ல இல்லையே! யாரு இந்த மச்சான்?"

"நான்தான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். புரொபசர் சிரித்ததால் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"பிரமாதம்! இதைத்தான் ஒரு மாசமாத் தேடிட்டிருக்கேன். மச்சானுக்குப் பதிலா 'ஐயா'ன்னு கூப்பிடச் சொல்லுங்க, போதும். அதே வலி, அதே கை. இன்னொரு டேக் போயிடலாம்."

"வாரை இன்னும் ஒரு துளை இறுக்கட்டுமா சார்?" என்றார் உதவி இயக்குநர். யாரும் கேட்காமலே.

"சார், அவரு கை..." என்று ஒலிப்பதிவாளர் ஆரம்பித்தார்.

புரொபசர் திரும்பினார். கோபமில்லை, மிரட்டலில்லை. காலையில் வகுப்பெடுத்த அதே அன்பான முகம். "கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். மைக் பேட்டரி மாத்தணும்."

"சீக்கிரம்."

பக்கத்து அறையில் புழுக்கம் அப்படியே நின்றது. மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒலிப்பதிவாளர் அதைத் திறந்து, புதுப் பேட்டரி போட்டு, மைக்கை மார்பில் மறுபடி ஒட்டினார். தைப்பதற்கு வாங்கி வைத்த துணிகள் கடையில் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கை சரியில்லன்னு நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் மாமா, தாழ்ந்த குரலில்.

சுவருக்கு அந்தப்புறமிருந்து, "ரெடியா?" என்றது குரல்.

மாமா சட்டைப் பொத்தானைப் போட முயன்றார். கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது, வழுக்கியது, மறுபடி தேடிப் போய்த் துணியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது. எத்தனையோ ஆயிரம் பொத்தான் வைத்த விரல். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் குனிந்து அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டார். அதற்கு மேலே இன்னும் இரண்டு இருந்தன.