முப்பத்தோராம் மாடியில் சம்பா

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் முப்பத்தோராம் மாடியில் கணுக்கால் அளவு வாய்க்கால் தண்ணீர் வந்து நின்றது. குழாய் எதுவும் உடையவில்லை. முப்பதாம் மாடிக்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஓரத்தில் வெங்காயத்தாமரை மிதந்தது. கட்டடத்து ஆட்கள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மாலையில் பார்த்தால் அதே அளவு நின்றது. அந்த மாடியில் ஹெட்ஜ் ஃபண்ட் நடத்திவந்த மதிவாணன் ஒரு கை அள்ளி முகர்ந்தான். எந்த ஊர் வாய்க்கால் என்று உடனே தெரிந்துவிட்டது. அனுப்பியவள் யார் என்றும் தெரிந்துவிட்டது. அவனுடைய பெரியப்பா மகள் அனுராதா அன்று காலை போனில் சொன்ன தண்ணீர் அது.

அனுராதா முத்துப்பேட்டைக்கு வடக்கே ஆலங்குறிச்சியில் சம்பா பயிரிடுகிறவள். கடைமடை ஊர். மேட்டூர் திறந்து எல்லா ஊரும் குடித்து மிஞ்சியதுதான் அங்கே வந்து சேரும். உலகத்தில் எது ஏறும், எது இறங்கும் என்று முன்கூட்டிப் பந்தயம் கட்டி, பெரிய மனிதர்களின் பணத்தைப் பெருக்கித் தருவது தம்பியின் தொழில் என்று அவளுக்குத் தெரியும். அவன் தினமும் காலையில் கூப்பிட்டு, தண்ணி வந்துதா அக்கா, பயிர் எப்படி அக்கா என்று கேட்பான். பாசம் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தில் பயிரைப் பற்றி யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. கதிர் கனத்துச் சாய்ந்து நின்றால், கண் பட்டுவிடும் என்று, ஏதோ இருக்கு என்பார்கள். எல்லாம் பதராகப் போனால், ஊர் சிரிக்கும் என்று, நல்லா இருக்கு என்பார்கள். அங்கே பிறந்த மதிவாணனுக்கு இதைத் திருப்பிப் போட்டுப் படித்துப் பந்தயம் கட்டத் தெரியும். அவனுடைய வெள்ளைக்காரக் கூட்டாளிகள் அவனிடம் ஏதோ தனிச் செயற்கைக்கோள் இருப்பதாக நம்பினார்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. ஒருத்தர் பொய்யால் அடுத்தவர் வயல் காய்ந்துவிடும். பொய்யாகச் சொன்ன தண்ணீர் எங்காவது போய் நிற்கும் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த ஆவணிக்கு முந்தைய மாசியில், அறுவடை முடிந்து சன்ன ரக நெல் வீடுகளில் அடுக்கியிருந்தபோது, மதிவாணன் அவசரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒலகமே ஆட்டம் காணுது. ஒரு பக்கம் சண்டை, கப்பலெல்லாம் பாதி வழியில நிக்குது, டாலர் எங்கயோ போகுது. நெல்ல வெச்சிருக்காதீங்க. வெலை எறங்கப் போகுது. இப்பவே தள்ளிடுங்க."

அனுராதா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். டிவியில் கோட்டு போட்டுப் பேசுகிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பியது. மகளின் நர்ஸிங் படிப்புக்கென்று மூட்டைகளைக் கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்த அமிர்தம் மட்டும் தயங்கினாள். அவளையும் கையைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தது அனுராதாதான். மறுநாளே லாரிகள் வந்தன. அதை ஊர் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டது.

வைகாசியில் நெல் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. அமிர்தத்தின் மகள் முத்துப்பேட்டையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அவனுக்கும் தெரியலையே பாவம் என்று அனுராதா தம்பிக்காகப் பேசினாள். அப்போதுதான் லாரிக்காரர் சித்தீக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மனசு கேக்கல, அதான் வந்தேன். ஒங்க ஊரு நெல்ல ஏத்துனது நான்தான். எறக்குன குடோன் ஒங்க தம்பி கம்பெனியோடது. வாங்குனதே அவங்கதான்."

விஷயம் ஊருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அமிர்தம் தினமும் ஒரு பிடி பதரை அனுராதாவின் வாசற்படியில் கொட்டிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மற்றவர்களும் பேசவில்லை. இந்தச் சம்பாவுக்கு நாற்று நட அனுராதாவின் வயலுக்கு ஆள் வராது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. தம்பியின் போன் மட்டும் அதே குரலில் வந்துகொண்டிருந்தது. அனுராதா எதுவும் கேட்கவில்லை. சரியான நாளுக்குக் காத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வெடித்துக் கிடந்த வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு போனை எடுத்தாள். தண்ணி வந்துதா அக்கா என்றான். வந்துடுச்சு, கணுக்கால் அளவு நிக்குது என்றாள். அவன் அதை நம்பி, போனை வைத்ததுமே, விளைச்சல் பெருகி அரிசி விலை விழும் என்று பெரிதாகப் பந்தயம் கட்டினான். கடைமடை காய்ந்த செய்தி அன்றே பரவி விலை ஏறியது. பந்தயம் போனது. தண்ணீர் மட்டும் போகவில்லை.

"அக்கா, தண்ணி இங்க வந்து நிக்குது."

"அதான் சொன்னேனே, வந்துடுச்சுன்னு."

அவள் நேரே அமிர்தத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அமிர்தம் முறத்தை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை, "அட்டை இருக்குன்னு சொல்லுடி" என்பது. மறுநாள் அனுராதா, இந்த வருஷம் அட்டை ஜாஸ்தி தம்பி என்றாள். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு முதலீட்டாளரின் கெண்டைக்காலில் இரண்டு அட்டை ஏறியது. தண்ணீர் நிற்கிற இடத்துக்கு மற்றதெல்லாம் வருவது இயற்கைதானே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொன்று சொல்லிக்கொடுத்தார்கள். நண்டு கம்ப்யூட்டர் வயர்களுக்கு நடுவில் வளை போட்டது. நட்டு முடிச்சாச்சு என்று அவள் சொன்னதும் மேஜைகளுக்கு இடையில் வரிசையாக நாற்று நின்றது. நாரை இறங்கியது. எலி வந்தது. பயிரையே கருக்கிவிடும் புகையான் பூச்சியை அமிர்தம் கடைசிக்கென்று வைத்திருந்தாள்.

நிஜத் தண்ணீர் ஆலங்குறிச்சிக்குப் புரட்டாசியில் வந்தது. அமிர்தம் முன்னால் வர, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அனுராதாவின் வயலில் இறங்கினார்கள்.

தம்பி கெஞ்ச ஆரம்பித்தான். ஊர் இழந்த விலை வித்தியாசம் முழுவதையும் அனுப்பிவைத்தான். வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அமிர்தத்தின் மகள் துணிக்கடையை விட்டுவிட்டு நர்ஸிங் சேர்ந்தாள். வாசற்படியில் பதர் விழுவது நின்றது.

"குடுத்தாச்சேக்கா. தண்ணி வடிஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடேன்."

"வடியலையே தம்பி. இங்க வயல் ரொம்பி நிக்குது."

"சும்மா சொல்லுக்கா."

"தண்ணி விஷயத்துல பொய் சொல்லக் கூடாதுப்பா. ஒரு தடவ சொன்னதுக்கே பாரு, என்னாச்சுன்னு. இனிமே சத்தியமா மாட்டேன்."

அவள் அதில் உறுதியாக இருந்தாள். கட்டட நிர்வாகம் முப்பத்தோராம் மாடிக்கு ரப்பர் பூட்ஸ் ஏற்பாடு செய்தது. முதலீட்டாளர்கள் லிஃப்டை விட்டு இறங்கியதும் பேண்ட்டை மடித்துக்கொள்ளப் பழகினார்கள். நிச்சயமில்லாத காலத்தில் முதலீடு செய்வது எப்படி என்று டிவிக்காரர்கள் கேட்டபோது, மதிவாணன் முழங்கால் வரை ஏறிவிட்ட தண்ணீரில் நின்றபடி பதில் சொன்னான். தையில் அங்கே கதிர் முற்றியது. அறுவடை மெஷின் லிஃப்டுக்குள் நுழையாது என்பதால், வேலை நேரம் முடிந்த பிறகு அவனே அரிவாள் எடுத்து அறுத்தான்.

ஆலங்குறிச்சியிலும் அன்று அறுவடைதான். இந்தத் தடவை அனுராதாவே போன் போட்டாள்.

"வெளைச்சல் எப்படி தம்பி?"

அந்தப் பக்கம் தவளை கத்துவது மட்டும் கேட்டது.

"நல்லா இருக்குக்கா."

அவள் போனை மடியில் செருகினாள். கட்டு தூக்கிக்கொண்டிருந்த அமிர்தம் நின்று, என்னவாம் என்றாள்.

"நல்லா இருக்காம்."

அமிர்தம் கட்டை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒனக்கு எப்படிடி?" என்று கேட்டாள்.

அனுராதா சாய்ந்து கிடந்த கதிர்களைப் பார்த்தாள்.

"ஏதோ இருக்கு," என்றாள்.