ஒரு பிடி துத்தம்

ஓடைப்பட்டித் திராட்சைக்காரர்களுக்கு கிருமியைக் கொல்லும் நீல மயில்துத்தத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை சாமி மேல்கூடக் கிடையாது. இலையில் பூஞ்சை விழுந்தால் துத்தம், மழை வந்தால் துத்தம், வராவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று துத்தம். கர்ணன் முப்பது வருஷம் அப்படித்தான் நீலக் கையோடு திரிந்தான். பிறகு போர்வெல் தண்ணீர் உப்பாகி, நிலம் வெள்ளை பூத்து, கொடி மொத்தமும் காய்ந்தது. பந்தல் கல்லைப் பிடுங்கிய வாரமே அவன் மனைவி பாண்டீஸ்வரி கேரளத்து ஏலத்தோட்டத்துக் கூலிக்கு ஜீப் ஏறினாள்.

எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். தினமும் மலை ஏறி இறங்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்று வருஷமாக அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அந்த மூன்று வருஷமும் கர்ணன் ஒன்றரை ஏக்கர் உவர் மண்ணோடு மல்லுக்கட்டினான். ஜிப்சம் போட்டான், மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தான், பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதான். இந்த ஐப்பசியில் மழையும் மனசு வைத்தது. மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"உளுந்து போடுவோம். இனிமே நீ ஜீப்புல ஏற வேணாம்" என்றான் பாண்டீஸ்வரியிடம். நம்பமாட்டாள் என்று நினைத்தான். நம்பிவிட்டாள், பாவம்.

வேளாண்மை ஆபீசர் எபனேசர் விதையும் ரைசோபியம் பாக்கெட்டும் கொடுத்தார். உளுந்து வேரில் முடிச்சுக் கட்டும் நல்ல கிருமி உப்பு மண்ணில் செத்துப்போயிருக்கும், அதை விதையோடு ஒட்டித்தான் அனுப்ப வேண்டும், முடிச்சு இல்லாவிட்டால் செடிக்குச் சோறு இல்லை என்று விளக்கினார். ஆறிய கஞ்சியில் கலக்கி, விதையில் பிசிறி, நிழலில் உலர்த்தணும், வேறு மருந்து எதுவும் சேர்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். கர்ணன் இரண்டு தடவையும் தலையாட்டினான்.

விதைப்பு அன்று கஞ்சி ஆறட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தான். பாக்கெட்டிலிருந்த கறுப்புப் பொடியைக் கொட்டிக் கிளறி விதையில் பிசிறினான். அந்நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. ஈரத்தில் விதை அழுகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. மூலையில் கிடந்த துத்தத்தை நுணுக்கி ஒரு பிடி தூவினான். அதை மருந்துக் கணக்கில் சேர்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் அது உப்பு புளி மாதிரி. யாரிடமும் சொல்லவும் இல்லை.

முளைப்பில் குறை இல்லை. இருபதாம் நாளில் இலை வெளிறத் தொடங்கி, முப்பதாம் நாளில் வயல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. எபனேசர் வந்து செடியை மண்ணோடு பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசினார். வேர் வெறும் நூலாக இருந்தது. பத்து இடத்தில் பெயர்த்துப் பார்த்தும் ஒரு முடிச்சு இல்லை. இனி என்ன தெளித்தாலும் காய் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். மறுபடி விதைக்கலாம் என்றால் மழைக்காலம் முடிந்துவிட்டது, போர்வெல்லில் இருப்பது உப்புத் தண்ணீர். பாக்கெட்டில் குறையா, மண்ணே இன்னும் தேறவில்லையா என்று அந்த மனுஷன் குழம்பிக்கொண்டிருந்தபோது கர்ணன் துத்தம் தூவியதைச் சொன்னான். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உசுரையும் தடவி வெசத்தையும் தடவிட்டீங்களேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எபனேசர் பைக்கை எடுத்தார்.

சாயங்காலம் வந்து இறங்கிய பாண்டீஸ்வரி, ஆபீசர் என்ன சொன்னாக என்றுதான் முதலில் கேட்டாள். மண் சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவனுக்குப் பொய் வரவில்லை. ஒன்று விடாமல் சொன்னான்.

"மண்ணு சரியில்லன்னு சொல்லியிருந்தா மண்ண வஞ்சிட்டுப் போயிருப்பேன். நான் மலையேறுனத ஒரு பிடியில அழிச்சிட்டீகளே, அத எதுக்கு எங்கிட்டச் சொல்றீக?" என்றாள்.

அவளும் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. களையெடுக்க, காய் பறிக்க வீட்டாள் வேண்டுமே என்று நினைத்து, இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறேன் என்று டிரைவர் சுருளிராஜனிடம் சொல்லிவிட்டாளாம். அவள் இடத்துக்கு வேறு ஆள் பேசியாயிற்று.

மறுநாள் வெள்ளென முக்கில் ஜீப் வந்து நின்றபோது கர்ணனும் கூடப் போனான். தன்னைவிடப் பத்து வயசு இளைய டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, இவளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னான். சுருளிராஜன் உள்ளே எட்டிப் பார்த்தான். உட்கார இடமில்லை, வேண்டுமானால் பின்னால் படியோரம் ஒட்டிக்கொண்டு வரட்டும், வளைவில் விழுந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றான். பாண்டீஸ்வரி பின்னால் போனாள். படி உயரம். இரண்டு தடவை காலைத் தூக்கிப் பார்த்தாள், இடுப்பு மடங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கர்ணன்தான் அவளை இரண்டு கையாலும் தூக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டான்.